நான் சொல்லாமல் விட்ட ஜமீலாவின் வாக்கியம்

டி.வி. திரையில் நான் உறைந்து நின்றேன்.

பள்ளிவாசலின் அலுவலக அறை. மேஜை மேல் ஒரு பழைய டி.வி., அதன் தலையில் வி.சி.டி. பிளேயர். யாரோ படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறுத்திய படம் கோடு கோடாக நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குள் என் முகம், என் கறுப்பு முக்காடு, என் வலது கை. இரண்டு விரல்கள் என் இரண்டு கண்களுக்கு நேராக நீண்டிருந்தன.

“இது இன்னா டீச்சர்?” என்று கேட்டார் காதர் பாய். ஜமாஅத்தின் செயலாளர். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்.

“பார்க்கிறான்னு அர்த்தம் பாய்.”

“யாரு?”

“அல்லாஹ்.”

அறையில் ஒன்பது ஆண்கள் இருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையில் இருந்த என்னையே பார்த்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த என்னைவிட அங்கே நடுங்கிக்கொண்டிருந்த என்னைக் குற்றம் சொல்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்று அது. கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் மட்டும் கேமரா இருந்த காலம். பிற்பகல் அசர் தொழுகை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே மழையில் நனைந்த கோரைப் பாய்களைக் காயப் போட்டிருந்தார்கள். அந்த ஈரக் கோரை வாசனை இன்றைக்கு எங்கே அடித்தாலும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. தணிந்த பிறகு எழுதலாம் என்று பல வருடம் காத்திருந்து பார்த்தேன். தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு கேள்வி

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். குரோம்பேட்டைப் பக்கம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள். பெருங்களத்தூர் நிறுத்தத்தில் தெற்கே போகும் பஸ்ஸுக்காக ஊரே பையும் பெட்டியுமாக நின்றது. சாலைக்கு அந்தப் பக்கம் என் பழைய மாணவி ஒருத்தி. நானும் அவளும் கைகளால் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். அத்தனை ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் நிம்மதியாகப் பேச முடிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

முப்பது வயதுப் பெண். புர்கா, தோளில் டிபன் பை, விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். நீ முஸ்லிமா என்று சைகையில் கேட்டாள். ஆம் என்றேன். தன் பெயரைக்கூடச் சொல்லாமல், கூட்டம் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டிருக்க, அவள் கேட்டது இது: ‘ரமலானில் பள்ளிவாசலுக்குப் போகிறேன். பெண்கள் எல்லோரும் கையேந்துகிறார்கள். நானும் ஏந்துகிறேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் அழுகிறார்கள். எதற்காக அழுகிறார்கள்?’

அவள்தான் ஜமீலா. கோவளத்தில் பிறந்தவள். அப்பா படகு மோட்டார் பழுது பார்ப்பவர். கல்யாணமாகி முடிச்சூரில் வாடகைக்கு இருந்தாள். கணவர் சலீமுக்கும் காது கேட்காது. அவருக்கு மரப்பட்டறையில் வேலை, இவளுக்கு ஏற்றுமதி ஆடை கம்பெனியில் தையல்.

சின்ன வயதில் அவளைச் சேர்த்த பள்ளியில் சைகை செய்தால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பார்களாம். உதட்டைப் பார், வாயால் பேசு என்பார்களாம். பேச்சு கடைசிவரை வரவில்லை. அடுத்தவர் உதட்டைப் படிக்க மட்டும் அச்சு பிசகாமல் கற்றுக்கொண்டாள். ஆனால் பள்ளிவாசலில் பெண்கள் பகுதி திரைக்குப் பின்னால் இருக்கிறது. தொழுகை நடத்தி ஓதுகிற ஹஜ்ரத்தின் உதட்டை அவள் எங்கே போய்ப் படிப்பது?

முப்பது வருடம் அர்த்தம் தெரியாமல் கையேந்திய ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

மாடியறை

காதர் பாயிடம் போய் மதரஸா மாடியறையைக் கேட்டேன். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம், குர்ஆனின் பொருளைச் சைகையில் சொல்லிக் கொடுக்க. அவர் யோசிக்கவே இல்லை. அல்லாவோட வேலைதானே, எடுத்துக்கோங்க என்றார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். சீக்கிரமே பதினொன்று ஆனது. கேளம்பாக்கத்தில் பஸ் மாறிக் கோவளத்திலிருந்து இரண்டு பேர். பல்லாவரத்திலிருந்து ஒரு வயதான தையல்காரர், மனைவியோடு. தினமும் ஐந்து வேளையும் ஓதுகிற அத்தியாயத்தின் பொருளை வரிவரியாகச் சைகையில் காட்டியபோது அந்தப் பெரியவர் சட்டென்று எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆயுள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து உதட்டை அசைத்திருக்கிறார். என்ன அசைக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறைவனைக் குறிக்க நாங்கள் ஒரு விரலை மேலே உயர்த்தினோம். அவ்வளவுதான். முகமில்லை, ஆணில்லை, பெண்ணில்லை. தமிழில் நாம் ‘அவன்’ என்கிறோம். அந்த னகர மெய் ஒன்றே ஒரு ஆணைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. அதைப் பற்றி மேடையில் யாரும் விவாதம் நடத்திப் பார்த்ததில்லை. எங்கள் விரலில் அந்த ‘ன்’ கிடையாது.

கஷ்டம் மற்ற இடங்களில்தான் வந்தது. அவனுடைய கை, அவனுடைய முகம், அவன் பார்க்கிறான், அவன் கேட்கிறான் என்று வேதமே சொல்கிறது. அவனைப் போல எதுவுமே இல்லை என்றும் அதே வேதம் சொல்கிறது. அப்படிப்பட்ட இடம் வரும்போதெல்லாம் நான் முதலில் இரண்டு கைகளையும் விரித்து, ‘எதைப் போலவும் இல்லை’ என்று காட்டுவேன். அதற்கப்புறம்தான் கண்ணையோ கையையோ காட்டுவேன். இந்த வரிசையை ஒருநாளும் மாற்றியதில்லை.

வர முடியாதவர்களுக்காக ஒரு வகுப்பைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் சலீம். தெரிந்த கல்யாண வீடியோக்காரரிடம் கேமராவை வாங்கி வந்து எடுத்தார். கடையில் கொடுத்து வி.சி.டி. போட்டோம். காது கேளாதவர்களுக்காகப் போட்ட வி.சி.டி. காது கேட்கிறவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு கட்சி

அந்த வருடங்களில் எங்கள் பகுதியில் கடவுளுக்கு உருவம் உண்டா இல்லையா என்பதில் பிளவு வராத குடும்பம் குறைவு. விவாதங்களை வி.சி.டி.யாக விற்றார்கள். மாமனார் ஒரு கட்சி, மருமகன் ஒரு கட்சி. பெருநாளைக்கு ஒரே வீட்டில் இரண்டு பந்தி.

என் வீட்டில் மூன்று தமிழ் மொழிபெயர்ப்புகள் இருந்தன. ஒன்றில் இறைவன் அர்ஷ் என்ற சிம்மாசனத்தின் மீது அமர்ந்தான். இன்னொன்றில் அமைந்தான். மூன்றாவதில் அடைப்புக்குறிக்குள் ஆட்சி என்று ஒரு சொல்லைப் போட்டுத் தப்பித்திருந்தார்கள். அந்த அடைப்புக்குறிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட ஆண்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிவாசலில் ஒரு பக்கம் பெரிய ஹஜ்ரத். கை என்று வந்தால் அது வல்லமை, அதைக் கையென்றே எண்ணுவது வழிகேடு என்பது அவர் நிலை. மறுபக்கம் ரியாஸ் என்ற இளைஞர். கட்டடப் பொறியாளர். குரோம்பேட்டையில் வாராவாரம் வகுப்பு எடுப்பவர். கை என்று சொல்லியிருந்தால் கைதான், வல்லமை என்று மாற்ற நீ யார், ஆனால் எப்படிப்பட்ட கை என்று கேட்காதே என்பது அவர் நிலை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் போலீஸ் வந்து நின்றதும் உண்டு.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது. என் கோபம் அவர்கள் கொள்கை மேல் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அலுவலக அறைக்குள் நுழைந்தபோது ஹஜ்ரத்தும் ரியாஸும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரியாஸ் பிஸ்கட் தட்டை ஹஜ்ரத் பக்கம் நகர்த்தினார். ஒரு வருடச் சண்டையை அவர்கள் எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். என் கோபம் அந்த பிஸ்கட் தட்டின் மேல்.

நாலு நொடி

கொஞ்சம் பின்னால் ஓட்டுங்கள் என்று கேட்டேன். நாலு நொடி போதும். ‘எதைப் போலவும் இல்லை’ என்று நான் கையை விரித்தது அங்கேதான் இருக்கிறது.

ரிமோட் இல்லை என்றார் காதர் பாய். முதலிலிருந்து போட்டுப் பாருங்கள் என்றேன். அதற்கு நேரமில்லை, அந்தி மஃரிப் தொழுகைக்குள் முடிக்க வேண்டும் என்றார். என்னைக் குற்றவாளியாக்க நேரம் இருந்தது. நாலு நொடி பார்க்க நேரமில்லை.

ரியாஸ் மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், உங்க சர்வீஸை யாரும் குறை சொல்லலை. கைன்னு சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன். ஆனா நீங்க உங்க கையைக் காட்டுறீங்க. அப்போ அவனோட கை உங்க கை மாதிரின்னு ஆயிடுது. அதுதான் பிராப்ளம்.”

எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகக் காட்டலாமே என்று யோசனையும் சொன்னார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடமே போகாதவர்கள் என்றேன். அப்படியே எழுத்தைக் காட்டினாலும் அதையும் கையால்தான் காட்ட வேண்டும் என்றேன். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு, கைக்குப் பதிலாக வல்லமை என்பதற்கான சைகையைக் காட்டியிருக்கலாமே அம்மா என்று கேட்டார்.

வல்லமைக்கு நாங்கள் என்ன சைகை காட்டுவோம் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, செய்து காட்டினேன். முஷ்டியை இறுக்கி, முழங்கையை மடக்கி, புஜத்தை முறுக்கினேன்.

யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். ஹஜ்ரத் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது இன்னும் மோசமா கீது டீச்சர்” என்றார் காதர் பாய், உண்மையான கவலையோடு.

அறிகிறான் என்றால் நெற்றியைத் தொடுகிறோம். அன்பு காட்டுகிறான் என்றால் நெஞ்சைத் தொடுகிறோம். உடம்பைத் தவிர வேறு எழுத்து எங்களுக்கு இல்லை. நீங்கள் அவன் பெயரைச் சொல்கிற நாக்கும் சதைதானே, அதனால் அவன் சதையாகிவிட்டானா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பெண்கள் பள்ளிவாசலில் சத்தம் போடக் கூடாது என்று மூலையிலிருந்து ஒருவர் சொன்னார். அதுவரை வாயைத் திறக்காத அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஜமீலா எழுந்தாள்

ஜமீலா என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். வகுப்பு யாருக்காக நடந்ததோ அவர்களில் ஒருத்தியாவது வர வேண்டும் என்று நான்தான் அழைத்து வந்திருந்தேன். பேசியதையெல்லாம் அவளுக்குச் சைகையில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே எழுந்து நின்றாள்.

அவள் கையால் பேச, நான் வாயால் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“அல்லாஹ் கேட்கிறவன்னு சொல்றீங்க. கேட்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆனா அவன் கேட்கிறது நீங்க கேட்கிற மாதிரி இல்லைன்னும் நீங்களே சொல்றீங்க. அப்போ அதைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.”

ஹஜ்ரத் தலையைத் தூக்கி முதல் தடவையாக அவளைப் பார்த்தார். ரியாஸின் பேனா நின்றது. எத்தனையோ வி.சி.டி.களில் எத்தனையோ மணி நேரம் பேசியும் யாரும் வந்து சேராத இடத்துக்கு அவள் ஐந்து வாக்கியத்தில் வந்திருந்தாள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. நான் அவர்கள் முகத்தில் பார்த்தேன்.

ஜமீலா அதோடு உட்காரவில்லை. இன்னொரு வாக்கியம் சொன்னாள். சின்ன வாக்கியம்தான். கை வேகமாக, கூர்மையாக, நேராக அந்த பெஞ்சைப் பார்த்துப் போனது.

அதை நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் என் மகளுக்கு நிக்காஹ். அந்தப் பள்ளிவாசல் பதிவேட்டில்தான் எழுதியாக வேண்டும். காதர் பாய் கையெழுத்துப் போட வேண்டும். ஹஜ்ரத் ஓதி வைக்க வேண்டும். பதிவேட்டைத் தர மாட்டோம் என்று சொன்னதால் கல்யாணங்கள் நின்று போனதை இந்தச் சண்டை நடந்த காலத்தில் பார்த்திருந்தேன். ஜமீலாவின் கைகள் கீழே இறங்குவதற்குள் இதெல்லாம் எனக்குள் ஓடி முடிந்துவிட்டது.

“வகுப்பைத் தொடர்ந்து நடத்த அனுமதி கேட்கிறாள்” என்று சொன்னேன்.

நான் மறந்துபோன விஷயம், ஜமீலாவுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும் என்பது. அவள் அந்த ஆண்களைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்துவிட்டாள். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முடிவு முன்னாலேயே எடுத்ததுதான். “பள்ளிவாசல்ல பேஜார் வேணாம் டீச்சர். கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க” என்றார் காதர் பாய். வி.சி.டி.களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றார்கள். தலையாட்டினேன்.

படியிறங்கும்போது ஜமீலாவின் தோளைத் தொட்டு விளக்கம் சொல்லப் போனேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயால் பேசுகிறவர்களிடம் கோபம் வந்தால் கதவைச் சாத்துவோம், போனை வைப்போம். காது கேளாதவர் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. மூடிய கண்ணுக்கு எதிரில் என் கைகள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றன.

பதிவேடு

மகளின் நிக்காஹ் நன்றாக நடந்தது. பெரிய ஹஜ்ரத் நீளமாக துஆ ஓதினார். காதர் பாய் பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னார். ஜமீலாவும் சலீமும் வந்தார்கள். தன் கையால் தைத்த ஒரு ரவிக்கையை என் மகளுக்குக் கொடுத்தாள் ஜமீலா. வேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி. என் பக்கம் திரும்பாமலேயே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

சில மாதத்தில் ஜமாஅத் இரண்டாக உடைந்தது. ரியாஸின் ஆட்கள் தனியாக ஒரு கடைமாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். ஹஜ்ரத்தும் ரியாஸும் மறுபடி ஸலாமை நிறுத்திக்கொண்டார்கள். எந்த ஒற்றுமைக்காக எங்கள் வகுப்பைப் பலி கொடுத்தார்களோ அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இரண்டு இடத்திலும் பயான் என்ற சொற்பொழிவு நடந்தது. இரண்டு இடத்திலும் ஒலிபெருக்கி இருந்தது. அந்தப் பதினோரு பேரை வா என்று கூப்பிட ஒரு இடத்திலும் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கும்தான் தோன்றவில்லை. என் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் தாராளமாக உட்காரலாம். அவர்கள்மேல் வைத்த கோபத்தில் பாதியையாவது என்மேல் வைத்திருந்தால் அது நினைவுக்கு வந்திருக்கும்.

முடிச்சூர்

வகுப்பு நடக்கிறது என்பது எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் பல்லாவரத்துத் தையல்காரரைப் பார்த்தேன். ஞாயிறு காலையில் ஜமீலா வீட்டில் கூடுகிறோம் என்றார். யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்பது போலப் பார்த்துவிட்டு, ஜமீலா என்றார்.

அடுத்த ஞாயிறு போனேன். முடிச்சூரில் அப்போது பாதி வயல், பாதி மனை. எல்லைக்கல் நட்ட நிலத்துக்கு நடுவில் வரிசையாக நாலு ஓட்டு வீடுகள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே பதினேழு பேர். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜமீலா நடுவில் நின்றாள். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு விரித்து வைத்திருந்தது. ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பென்சிலில் குறிப்புகள். தெரியாத சொற்களைக் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் எழுதிக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். இந்துப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள். ஒருத்தியும் அவளிடம் உருவமா அருவமா என்று கேட்கவில்லையாம்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களிடம் சொன்னாள்: ‘என்னுடைய வாக்கியம் ஒன்று இவளிடம் இருக்கிறது.’

பிறகு என்னிடம்: ‘அதைச் சொல். கையால் வேண்டாம். வாயால் சொல்.’

இங்கே யாருக்கும் கேட்காதே என்று காட்டினேன்.

‘சொல்’ என்றாள்.

வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். மஃரிபுக்கு முன்னால், அந்த ஒன்பது ஆண்களுக்கு எதிரில் நான் சொல்லியிருக்க வேண்டியது.

“அவனுக்கு உருவம் கொடுத்தது நான் இல்லை, காது கேட்கிற ஒரு ஆம்பளையா அவனை நினைச்சு வச்சிருக்கிறது நீங்கதான்.”

ஜமீலா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஆம்பளையா’ என்ற இடத்தில் எனக்கு வாய் குழறியது. கையை உயர்த்தி நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து என்றாள். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து.

தலையை ஒரு முறை அசைத்துவிட்டு அவள் வகுப்புக்குத் திரும்பினாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் பார்த்து நானே உட்கார்ந்தேன்.